உருகும்போது உடைவது எது?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

"சகப்பிணைப்பு வலுக்குறைந்தது, ஆகவே சகப்பிணைப்புச் சேர்மங்களின் உருகுநிலையும் கொதிநிலையும் குறைவு." ஒன்பதாம் வகுப்பில் வேதிப்பிணைப்பு படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் மனப்பாடம் செய்கிறார்கள். சகப்பிணைப்பு என்பது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு இணைவது. அந்த வரியின் பின்பாதி பெரும்பாலும் சரி. அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு.

தண்ணீரையே பார்ப்போம். ஒரு மோல், அதாவது 18 கிராம் தண்ணீரைக் கொதிநிலையில் ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோஜூல் போதும். அதே 18 கிராமில் உள்ள ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் அத்தனையையும் அறுக்க 920 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். இட்லிப் பானையில் எழும் ஆவி, மூடியில் பட்டுக் குளிர்ந்ததும் தண்ணீராகவே சொட்டுகிறது. விலகியவை மூலக்கூறுகள்தான், மூலக்கூறுக்குள் எதுவும் அறுபடவில்லை.

இன்னும் அழுத்தமான சான்று கார்பன் டை ஆக்சைடு. அதில் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள இரட்டைப் பிணைப்பின் ஆற்றல் மோலுக்கு 800 கிலோஜூல் அளவில் இருக்கிறது. மணலில் உள்ள சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புக்கோ 450 அளவுதான். பிணைப்பின் வலுவே உருகுநிலையைத் தீர்மானிக்கிறது என்றால், உலர்பனி, அதாவது திடநிலையில் உள்ள கார்பன் டை ஆக்சைடு, மணலைவிடத் தாமதமாகத்தானே உருக வேண்டும்? உலர்பனி மைனஸ் 78 டிகிரி செல்சியஸிலேயே நேராக வாயுவாகிவிடுகிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் உருக 1,700 டிகிரி வாக்கில் வெப்பம் தேவை. உலர்பனியில் மும்மூன்று அணுக்கள் கொண்ட தனித்தனி மூலக்கூறுகள் மெல்லிய ஈர்ப்பில் ஒட்டியிருக்கின்றன. குவார்ட்ஸில் ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜனோடும், ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கானோடும் பிணைந்து முடிவில்லாத வலையாகிவிடுகின்றன. அதை உருக்க, பிணைப்பையே அறுத்தாக வேண்டும். வைரமும் இந்த வகைதான். உப்பு 801 டிகிரியில் உருகும்போதும் தளர்வது அயனிகளுக்கு (மின்னூட்டம் பெற்ற அணுக்களுக்கு) இடையிலான பிணைப்பேதான். உப்பையும் மெழுகையும் பக்கத்தில் வைத்து "அயனிப் பிணைப்பே வலியது" என்று முடிவுகட்டினால், ஒன்றில் பிணைப்பையும் மற்றொன்றில் மூலக்கூறிடை விசையையும் அளந்ததாக ஆகிவிடும்.

வகுப்பில் காட்ட ஒரு மெழுகுத்துண்டும் ஒரு கரண்டிச் சர்க்கரையும் போதும். மெழுகு சுடுதண்ணீர்க் கிண்ணத்திலேயே உருகும். ஆறினால் பழைய மெழுகாகவே உறையும். சர்க்கரையைக் கரண்டியில் சூடாக்கினால் பழுப்பேறிக் கருகும். எவ்வளவு ஆறினாலும் சர்க்கரை திரும்பாது. அங்கேதான் மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்புகள் அறுகின்றன.

சகப்பிணைப்புச் சேர்மங்கள் மின்சாரம் கடத்துமா என்று பார்க்கும் சோதனையில் தவறு நேர்வது வேறோர் இடத்தில். 9 வோல்ட் பேட்டரி, எல்.இ.டி, 470 ஓம் மின்தடை, இருமுனையும் சீவிய இரண்டு 2பி பென்சில்கள் ஆகியவற்றை ஒரே தொடராக இணைத்து, பென்சில்களின் மறுமுனைகளைக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். மின்தடையை விட்டுவிட்டால், பென்சில் முனைகள் ஒன்றையொன்று தொட்டதும் எல்.இ.டி கருகிவிடும். வீட்டு மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. சர்க்கரையைக் குழாய்த் தண்ணீரில் கரைத்தால் விளக்கு மங்கலாக எரியக்கூடும். "சர்க்கரை மின்சாரம் கடத்துகிறது" என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். கடத்தியது குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருந்த உப்புகள். பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரை எடுத்து, முதலில் அதை மட்டும் சோதித்து, பிறகு சர்க்கரை, அதன்பின் எலுமிச்சைச் சாறு, கடைசியில் உப்பு என்று போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பென்சில் முனைகளைக் காய்ச்சி வடித்த நீரில் அலசுவது அவசியம். உப்புக் கரைசலில் குளோரின் வாயு உண்டாகும் என்பதால் சில நொடிகளுக்கு மேல் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எலுமிச்சைச் சாற்றில் விளக்கு எரிவதைக் கண்டு ஆசிரியர் தடுமாற வேண்டாம். சிட்ரிக் அமிலம் சகப்பிணைப்புச் சேர்மம்தான். நீரில் அதன் மூலக்கூறுகளில் ஒரு பங்கு ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்துவிடுகிறது. அதைவிட வியப்பு, மின்சாரம் ஓடிவரும் அந்தப் பென்சில் முனை. கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனும் மூன்று கார்பன்களோடு சகப்பிணைப்பில் இருக்கிறது. நான்காம் எலக்ட்ரான் அடுக்கு முழுதும் உலவுகிறது. "சகப்பிணைப்புப் பொருள் மின்சாரம் கடத்தாது" என்ற வரியைச் சோதிக்கும் கருவியே அதற்கு விதிவிலக்கு! "சகப்பிணைப்புச் சேர்மம் நீரில் கரையாது" என்று சொல்லப்படும் இன்னொரு வரிக்கு, கையிலிருக்கும் சர்க்கரைக் கரைசலே பதில்.

விடைக்குறிப்பு தயாரிப்பவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. உருகுநிலைக் கேள்விக்கு "மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு விசை குறைவு" என்று காரணம் எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் தாருங்கள்; "பிணைப்பு வலுக்குறைந்தது" என்ற விடையைக் குறிப்பிலிருந்து நீக்குங்கள். கூடவே, உலர்பனிக்கும் மணலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கச் சொல்லி இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வியும் சேருங்கள்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.