பல் விழுந்த செய்தி

17 ஜனவரி 2026

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் யாராவது கூப்பிட்டார்கள், இல்லையென்றால் அழுதார்கள். இன்று சனிக்கிழமை. இரண்டு பேரும் இன்னும் எழவில்லை. காபி ஆறினால் ஆறட்டும், எழுதி முடித்துவிடுகிறேன்.

முதலில் உன் விஷயம். மாறுதல் கலந்தாய்வில் இந்த முறையும் ஊர் கிடைக்கவில்லை, உனக்கு முந்தைய எண்ணில் இருந்த டீச்சர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குப் பொறாமையாக இருந்ததடி. சிரிக்காதே. உனக்கு முன்னால் எத்தனை பேர் என்று உனக்குத் தெரிகிறது. கோபப்பட ஒரு ஆளாவது எதிரில் இருக்கிறார். எனக்கு அதுகூட இல்லை.

இவர் இன்னும் சென்னையில்தான் இருக்கிறார். டிசம்பர் முதல் வாரம் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் என்றார்கள். உடனே கிளம்பினார். இங்கே வேலை பார்ப்பதற்கான எச்-1பி அனுமதி 2027 வரை இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசா முன்னமே காலாவதி. அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை அதனால் ஒன்றுமில்லை, வெளியே கால் வைத்தால் புதிதாக ஒட்டிக்கொண்டுதான் திரும்ப நுழைய முடியும். ஸ்டாம்பிங் என்று எங்கள் ஆட்கள் சொல்வது இதைத்தான். நல்லவேளையாக அண்ணா மேம்பாலத்துப் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்திலேயே டிசம்பர் 18-க்கு நேர்காணல் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் 15-லிருந்து எச்-1பி காரர்கள், அவர்களோடு எச்-4 விசாவில் வரும் மனைவி மக்கள் எல்லோருடைய சமூக வலைதளக் கணக்குகளையும் பார்த்துவிட்டுத்தான் விசா என்று விதி வந்தது. கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டுமாம். ஒவ்வொருவருக்கும் அத்தனை நேரம் ஆகும் என்பதால் ஒரு நாளைக்குப் பார்க்கும் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். இவருக்கு வந்த மின்னஞ்சல் நாலே வரி. உங்கள் நேர்காணல் மாற்றப்பட்டது, புதிய தேதி மார்ச் 24. பழைய தேதியில் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று தூதரகமே வெளிப்படையாக அறிவித்திருந்தது. வேறு நாட்டுக்குப் போய் ஸ்டாம்பிங் வாங்கும் வழியையும் செப்டம்பரிலேயே அடைத்தாகிவிட்டது, சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும். 2024-ல் இங்கிருந்தபடியே புதுப்பித்துக்கொள்ள 20,000 பேருக்கு மட்டும் சோதனையாக வழி திறந்தார்கள். அந்தக் கணக்கில் எங்கள் விசா வரவில்லை.

இவருடைய கம்பெனி இரண்டு மாதம் அங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்றிருக்கிறது. அதற்குப் பிறகு சம்பளமில்லா விடுப்பு. இங்கே டெக்சாஸுக்கும் உனக்கும் பதினொன்றரை மணி நேரம் வித்தியாசம் இல்லையா, ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு விடிகாலை நாலரைக்குப் படுக்கிறார். எட்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்கப்போகும் பிள்ளைகளிடம் வீடியோவில் பேசுகிறார். கண்கள் சிவந்திருக்கும். பெரியவள் "அப்பா அழுதீங்களா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

போன வாரம் சின்னவனுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் காய்ச்சல் 103. வீட்டில் மருந்து பாட்டில் காலி. 24 மணி நேரக் கடைக்குப் பத்து நிமிஷம் ஓட்ட வேண்டும். பத்து வயதுப் பெண்ணைத் தனியாக விட்டுப் போகவும் முடியாது, அவளை எழுப்பி, போர்வையோடு காரில் உட்காரவைத்து, அவன் அவள் மடியில். கடை வாசலில் நிறுத்தியபோது பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவன் நெற்றியில் தன் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தாள். வயதுக்கு மீறிய பார்வை அது. எனக்குப் பிடிக்கவில்லை.

"நீயும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடேன், மார்ச்சில் சேர்ந்து போங்கள்" என்று நீ எழுதியிருந்ததற்குப் பெரியவளே பதில் சொல்லிவிட்டாள். அவள் அங்கே பிறந்தவள், என்னைப் போல எச்-4. சின்னவன் இங்கே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன், விசா இல்லாமல் இந்தியா வந்துபோக ஓசிஐ அட்டையும் இருக்கிறது. ஒரே டப்பாவில் எங்கள் பாஸ்போர்ட்டுகள், இந்தியாவுடையதும் நீலம்தான், அமெரிக்காவுடையதும் நீலம்தான். அவற்றை எடுத்து மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு கேட்டாள்: "தம்பி மட்டும் போயிட்டு வந்துடலாம். நாம போனா நாமளும் மாட்டிக்குவோம். கரெக்டாம்மா?" கரெக்ட் என்றேன். வேறென்ன சொல்ல?

நிரந்தரமாக இங்கே தங்க உதவும் கிரீன் கார்டு எப்போது என்று நீ கேட்கிறாய். அதையும் அவள் கேட்டாள், காகிதமும் பென்சிலுமாக. எங்கள் பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் எங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி, 2016 ஆகஸ்ட். எந்தத் தேதிக்காரர்கள் வரை முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் வருகிற விசா புல்லட்டினில், மேற்படிப்புக்காரர்களுக்கான எங்கள் இபி-2 பிரிவு இந்தியர்களுக்கு இந்த மாதம் இன்னும் 2013-லேயே நிற்கிறது. "அப்படின்னா மூணு வருஷம்தானே?" என்றாள். கணக்கு சரிதான். ஆனால் இந்த வரிசையில் ஒரு வருஷம் நகர ஒரு வருஷம் போதாது என்பதை எப்படிச் சொல்வது? வேலை வழியாக வருகிறவர்களுக்கு வருஷத்துக்கு மொத்தம் சுமார் 1,40,000 அட்டை, மனைவி மக்களையும் அதற்குள்தான் எண்ணுவார்கள். எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 1990-ல் போட்ட சட்டம். இந்தியாவுக்கும் 7, ஒரு குட்டித் தீவுக்கும் அதே 7. சில மாதம் ஒரு நாள்கூட நகராது. 2022 செப்டம்பரில் 2014 டிசம்பர் வரை வந்தது. இவர் ஸ்வீட் வாங்கி வந்தார், ஞாபகம் இருக்கிறது. அந்த டிசம்பரிலேயே 2011 அக்டோபருக்குத் திரும்பப் போய்விட்டது. ரேஷன் கடை வரிசைகூட இப்படிப் பின்னால் போய் நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. 21 வயதாகிவிட்டால் அவள் எங்களோடு சேர்த்தி இல்லை. எங்கள் வரிசையிலிருந்து பெயர் போய்விடும். வயதைக் கணக்கிடுவதில் கொஞ்சம் சலுகை காட்ட 2002-ல் ஒரு சட்டம் வந்தது, அதுவும் எங்கள் அளவு காத்திருப்புக்குக் காணாது. பதினோரு வருஷம் இருக்கிறதே என்று இவர் சொல்வார். போன பத்து வருஷம் போன வேகத்தைப் பார்த்தவர்தானே அவரும்.

ஒரேயடியாக ஊருக்கே வந்துவிடலாம் என்கிறாயா? எங்களுக்குள் அந்தப் பேச்சு வராத மாதம் கிடையாது. ஒரு மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றபிறகு ஆட்டோவைக் கைகாட்ட மனசு வராதே, அந்தக் கதைதான். ஆட்டோவில் ஏறிய மறு நிமிஷம் பஸ் வந்துவிடுமோ என்று ஒரு பயம். இது புத்திசாலித்தனம் என்று நான் சொல்லவில்லை.

பிரிவு பெரிய விஷயமில்லையடி. உன் அப்பா ராணுவத்தில் இருந்தார், வருஷத்துக்கு ஒருமுறை வருவார், நீ நன்றாகத்தானே வளர்ந்தாய். ஆனால் அவர் வருகிற தேதியை உங்கள் வீட்டுக் காலண்டரில் அம்மா வட்டம் போட்டு வைத்திருப்பார், நான் பார்த்திருக்கிறேன். எங்கள் காலண்டரில் நான் போட்ட டிசம்பர் வட்டத்தைச் சின்னவன் கிரேயானால் அடித்து அடித்துக் கறுப்பாக்கிவிட்டான். மார்ச் 24-க்கு வட்டம் போடவில்லை. அன்றைக்கும் கூடுதல் விசாரணை என்று 221(ஜி) சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால் இன்னொரு வட்டத்தை யார் அழிப்பது? "அப்பா எப்ப வருவாங்க?" என்றால் "வேலை முடிஞ்சதும்" என்கிறேன். பெரியவள் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

சின்னவனுக்குக் கீழ்ப்பல் ஒன்று நவம்பரிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது. முதல் பல். நான்தான் எடுப்பேன், அதுவரை ஆட்டாதே என்று இவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனார். அவன் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டான். அந்தப் பக்கம் கடிக்கமாட்டான். ஆப்பிளை நறுக்கித்தர வேண்டும். பல் தேய்க்கும்போது பிரஷ் அந்த இடத்தைச் சுற்றிப் போகும். ஐஸ்கிரீமைக்கூட வலது பக்கத்தில் வைத்துத்தான் கரைப்பான். ஒன்றரை மாதம் ஒரு பல்லைக் காவல் காத்தான்.

வியாழக்கிழமை பள்ளியில் அதுவாக விழுந்துவிட்டது. பல் வடிவத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். காரில் ஏறும்போது அதைக் கைக்குள் மூடி வைத்திருந்தான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். "நான் ஆட்டவே இல்லம்மா" என்றான், ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி.

அன்று ராத்திரி வீடியோவில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டே பேசினான். என்னடா வாய்க்குள் மிட்டாயா என்று இவர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினான். பெரியவளும் "ஆமாப்பா, ஸ்கூல்ல குடுத்தாங்க" என்று சாட்சி சொன்னாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

மேலே காலடிச் சத்தம் கேட்கிறது, எழுந்துவிட்டார்கள். அடுத்த மாதம் உன் நாத்தனார் வீட்டுக்குச் சென்னை போவதாக எழுதியிருந்தாயே, அப்படியே இவரையும் மாமாவையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா. மாமா வாக்கர் வைத்து நடக்கிறாராம். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல், இளைத்துவிட்டாளாம் என்றுகூடச் சொல். பல் விஷயத்தை மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே.

உன்
பழைய விடுதி அறைத் தோழி