கடைசியாக அடிக்கும் அந்த பாட்டில்: வடசென்னை வாட்டர் வாஷ் கடைகளுக்கு ஒரு திறந்த மடல்

ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை வாட்டர் வாஷ் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும், அங்கே நாள் முழுக்க ஈரத்தில் நின்று வேலை செய்யும் தம்பிகளுக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். காரைக் கழுவித் துடைத்த பிறகு கடைசியாக ஒரு ஸ்ப்ரே அடித்துப் பளபளவென்று ஆக்கித் தருகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். எங்கள் பகுதியில் ஒரு கடையில் பில்லில் ‘வேக்ஸ்’ என்று தனியாகப் பணம் வாங்கினார்கள். தம்பி கையில் இருந்த பாட்டிலோ டீடெய்ல் ஸ்ப்ரே. அவர் ஏமாற்றவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

அடித்தவுடன் இரண்டும் ஒரே மாதிரிதான் மினுங்கும். வேலை வேறு. டீடெய்ல் ஸ்ப்ரேயில் பெரும்பகுதி தண்ணீர். அதோடு துணி வழுக்கிக்கொண்டு போக உதவும் ஒரு வழவழப்பு, லேசான அழுக்கை இளக்கும் பொருள், பளபளப்புக்குக் கொஞ்சம் பாலிமர். கைரேகை, கழுவிய பின் நிற்கும் தண்ணீர்த் தடம், இப்போதுதான் விழுந்த காக்கை எச்சம் இதற்கெல்லாம் அது நல்ல பொருள். பாதுகாப்பு என்று பார்த்தால் சில நாள்தான், ஒரு நல்ல மழை பெய்தால் முடிந்தது. ஸ்ப்ரே வேக்ஸில் பிரேசில் நாட்டுக் கார்னோபா பனையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு இருக்கும், அல்லது அந்த வேலையைச் செய்யும் செயற்கைப் பாலிமரோ சிலிக்காவோ இருக்கும். அது பெயிண்டின் மேல் மெல்லிய படலமாக உட்கார்ந்து, வெயிலையும் கழுவும் முறையையும் பொறுத்துச் சில வாரம் முதல் இரண்டொரு மாதம் வரை தாங்கும். ஆனால் அழுக்கெடுக்க அது உதவாது. அழுக்கின் மேல் அடித்தால் அழுக்கையும் சேர்த்து மூடிவிடும். இரண்டும் கலந்த பாட்டில்களும் இப்போது வருகின்றன. எத்தனை நாள் தாங்கும் என்று லேபிளில் போட்டிருப்பதைப் பார்த்தாலே அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று புரிந்துவிடும்.

இது வேறு ஊரில் சின்ன விஷயமாக இருக்கலாம். நம் ஊரில் அப்படி இல்லை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் அத்திப்பட்டு அனல்மின் நிலையம், நடுவில் மணலி ஆலைகள், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். எண்ணூர் விரைவுச் சாலையோரம் ஒரு ராத்திரி நிறுத்திய வண்டியின் பானட்டில் படிந்திருப்பது சாதாரண மண்தூசி மட்டும் இல்லை. நிலக்கரிச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் கெட்டித் துகள்களாக இருக்கின்றன. இரண்டுமே பெயிண்டின் மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டைவிடக் கடினமானவை. அந்த கிளியர் கோட்டோ பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான் கனம்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட வராது. சாம்பல் படிந்த வண்டியில் டீடெய்ல் ஸ்ப்ரேயைப் பீய்ச்சி அப்படியே துடைத்தால், ஒவ்வொரு தேய்ப்பிலும் கிளியர் கோட் கீறுகிறது. கறுப்பு வண்டியை வெயிலில் நிறுத்திப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகக் கோடு தெரியும். பாலிஷ் போட்டு அதை எடுக்கலாம்தான். ஆனால் பாலிஷ் என்பது அந்த மெல்லிய பூச்சிலிருந்து இன்னும் கொஞ்சம் சுரண்டி எடுப்பது. எத்தனை முறை சுரண்ட முடியும்?

அதனால் நம் பகுதியில் முதல் வேலை எப்போதும் தண்ணீர்தான். பிரஷரில் சாம்பலையும் உப்பையும் இறக்கி, ஷாம்பு போட்டுக் கழுவிய பிறகுதான் எந்த ஸ்ப்ரேயையும் கையில் எடுக்க வேண்டும். காலையில் அபார்ட்மென்ட்களில் வண்டி துடைப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். உங்கள் பேச்சை அவர்கள் கேட்பார்கள்.

அடுத்தது போர் தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. நம் தெருக்களிலும் பல போர்களில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. வேக்ஸ் போட்ட வண்டியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைக் காட்டி வாடிக்கையாளரை மகிழ்விக்கிறீர்கள். சரி, பார்க்க அழகுதான். ஆனால் அந்த முத்து போர் தண்ணீராக இருந்து வெயிலில் காய்ந்தால், ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுப் போகும். அது நாளாக நாளாகப் பெயிண்டில் ஊறி, துடைத்தாலும் போகாது. டீடெய்ல் ஸ்ப்ரேக்கு உண்மையான மரியாதை இந்த இடத்தில்தான். கழுவி முடித்து வண்டி ஈரமாக இருக்கும்போதே ஒரு பேனலுக்கு ஒன்றிரண்டு பீய்ச்சு கொடுத்து, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். துணி இழுபடாது, உப்புத் தடமும் நிற்காது.

அப்புறம் ஸ்ப்ரே வேக்ஸ் எப்போது? வாரா வாரம் வருகிறவருக்கு ஒவ்வொரு முறையும் அதை அடித்துப் பணம் வாங்க வேண்டாம். மாதம் ஒரு தடவை போதும். ஐப்பசி மழை தொடங்கும் முன்னால் கட்டாயம் ஒரு தடவை. நிழலில், பானட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது, ஒவ்வொரு பேனலாக அடித்து, உடனே பரப்பி, வேறு காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். சுடும் பானட்டில் அடித்தால் திட்டுத் திட்டாகக் காய்ந்து பிடித்துக்கொள்ளும். பெயிண்டின் மேல் கண்ணாடி மாதிரி இறுகும் செராமிக் கோட்டிங் போட்ட வண்டிக்குக் கார்னோபா வேண்டாம், சிலிக்கா கலந்த ஸ்ப்ரேயே பொருந்தும். துணி துவைக்கும் பவுடரில் கழுவும் கடையாக இருந்தால் வேக்ஸே விற்காதீர்கள். போன மாதம் போட்டதை இந்த மாதப் பவுடர் கழுவிக்கொண்டு போய்விடும். இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்: கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் பிடிக்கும் துருவை எந்த வேக்ஸும் நிறுத்தாது. கடலோரத்தில் இருப்பவர்கள் அதை டச்சப் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பில்லில் பாட்டிலின் பெயரைப் போடுங்கள். டீடெய்ல் ஸ்ப்ரே அடித்தால் அதற்கான காசு, வேக்ஸ் போட்டால் அதற்கான காசு. தம்பிகளுக்கு வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள், நல்ல துணி வாங்கிக் கொடுங்கள், தரையில் விழுந்த துணியை பெயிண்டில் வைக்க விடாதீர்கள்.

நம்பிக்கை வரவில்லை என்றால் உங்கள் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கழுவிய பானட்டின் நடுவில் டேப் ஒட்டி, ஒரு பாதிக்கு டீடெய்ல் ஸ்ப்ரே, மறுபாதிக்கு ஸ்ப்ரே வேக்ஸ் போடுங்கள். இரண்டு மூன்று வாரம் வழக்கம்போல் ஓட்டி, வெறும் ஷாம்புவில் கழுவி, தண்ணீர் ஊற்றி, எந்தப் பாதியில் இன்னும் முத்து முத்தாக நிற்கிறது என்று பாருங்கள். என் வண்டியையே அதற்குத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறும் முன் கொண்டுவந்து விடுகிறேன்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்