ஐடிஐயைத் தண்டனையாகச் சொல்லாதீர்கள்

அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் வகுப்பாசிரியர்களாக இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன்.

பத்தாவது ரிசல்ட் வந்த அன்று என் மார்க்கைப் பார்த்துவிட்டு வகுப்பாசிரியர், "உனக்கெல்லாம் ஐடிஐதான்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, எனக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தவர். ஆனால் அந்த 'உனக்கெல்லாம்' என்னை விட்டுப் போக ரொம்ப நாள் ஆனது. ஐடிஐயில் சேர்ந்த புதிதில் காக்கிச் சட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய் அங்கே மாற்றிக்கொள்வேன்.

முதல் சில மாதம் கையில் அரம்தான். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கிவிட்டு ராவிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளங்கை கொப்பளித்துவிடும். ராவி முடித்ததும் பயிற்றுநர் அதன்மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் ராவு. ஒருநாள் என் துண்டில் வெளிச்சம் தெரியவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் அதைப் பக்கத்துப் பையனிடம் காட்டினார். பத்து வருடம் பள்ளிக்கூடம் போயும் எனக்குக் கிடைக்காத சந்தோஷம் அது.

ஏழைப் பிள்ளைகளுக்குக் காலேஜ் எதற்கு என்று யாராவது பேசினால் நானும் உங்களோடு சேர்ந்து எதிர்ப்பேன். பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்று 1953-ல் வந்த திட்டத்தை, குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்த மாநிலம் இது. 1954-ல் காமராசர் முதல்வரானதும் அது போனது. 2021-22 கணக்கெடுப்பில் நம் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4 சதவீதம். இது சும்மா வந்ததில்லை, உங்கள் உழைப்பும் இதில் இருக்கிறது.

நான் கேட்பது வேறு. எங்களிடம் பி.இ. மெக்கானிக்கல் முடித்த பையன்கள் வேலை கேட்டு வருகிறார்கள். போன மாதம் வந்த ஒருவனுக்கு மெக்கானிக்கல் பிடிக்கவே பிடிக்காதாம். கிடைத்த சீட்டில் சேர்த்துவிட்டார்களாம். கல்விக்கடன் இன்னும் அப்படியே நிற்கிறது. நாலு வருடத்துக்கு முன்னால் அவனை உட்கார வைத்து யாரும் பேசவில்லை.

'கல்லூரிக் கனவு' கூட்டங்களில் படிப்புகளைப் பற்றி விளக்குகிறீர்கள், நல்லது. ஐடிஐக்கும் அதே மேடையில், அதே குரலில் ஒரு பதினைந்து நிமிடம் கொடுங்கள். இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தால் அப்புறம் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கே போகலாம் என்பதைச் சொல்லுங்கள். எனக்கு அது தெரிய வந்தபோது கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் ஐடிஐயில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு என்பதையும் சொல்லுங்கள். எங்கள் தெருவிலேயே பல அம்மாக்களுக்கு அது தெரியாது.

நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். தோற்றவர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அது பழைய 'உனக்கெல்லாம்'தான்.

பட்டறையைக் காட்ட நினைத்தால் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். முதலாளியிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வேலை குறைவு. லேத், டிரில்லிங், சிஎன்சி எல்லாம் ஓட்டியே காட்டுகிறேன். ஆளுக்கொரு அரமும் எடுத்து வைக்கிறேன்.