டிரைவர் அண்ணனுக்கு: உங்கள் வண்டி மறுபடி மலை ஏறுகிறது

அன்புள்ள டிரைவர் அண்ணனுக்கு,

போன வாரம் ஓசூருக்குக் கூப்பிட்டபோது காது சரியாகக் கேட்கவில்லை என்று போனை மகளிடம் கொடுத்துவிட்டீர்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: "வண்டி என்னாச்சு, எடைக்குப் போட்டாச்சா?" அதற்குப் பதில் ஒரு போனில் அடங்காது. அதனால்தான் எழுதுகிறேன். பணம் கொடுத்த ஊர்க்காரர்களும் படிக்க வேண்டும் என்பதால் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே போடுகிறேன்.

எடைக்குப் போடவில்லை அண்ணா. போட இருந்தார்கள். நீங்கள் போன பிறகு, நீங்கள் ஓட்டின அந்த மட்டடோர் சவ வேன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு குடோனுக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் முன்பணமே கொடுத்துவிட்டிருந்தார். அவர் சொன்ன விலைக்கு மேல் பத்தாயிரம் வைத்து நாங்கள் எடுத்தோம். "சாவு வண்டியை வாங்கி என்ன பண்ணப் போறீங்க?" என்று அவரே கேட்டார். சாவுக்குத்தான் என்றேன்.

ஏன் எடுத்தோம் என்பது உங்களுக்குத் தெரியாது. என் சித்தப்பா சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இறந்தது ஆடி மாத மழையில். அரசு ஆஸ்பத்திரி என்றால் 155377-க்குப் போன் போட்டால் அமரர் ஊர்தி இலவசமாக வந்துவிடும். இது தனியார் என்பதால் வாடகை வண்டி பிடித்தோம். ராத்திரி பதினொரு மணி. அந்த டிரைவர் ஏற்காடு அடிவாரத்தில் நிறுத்தி, மழையில் கொண்டை ஊசி வளைவு ஏற மாட்டேன் என்று இறக்கிவிட்டுப் போய்விட்டான். விடிகிறவரை டீக்கடைக் கூரைக்குக் கீழே பெஞ்சில் சித்தப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காலையில் முட்டைக்கோஸ் இறக்கிவிட்டுத் திரும்புகிற ஒரு பிக்கப்தான் கிடைத்தது. 20 வளைவு. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சரியும். நாலு பேர் முழங்காலால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டே வந்தோம். சித்தி அதைப் பார்க்கக் கூடாது என்று என் தம்பி சித்தியின் முந்தானையாலேயே சித்தி முகத்தை மூடிவிட்டான். அன்றைக்குத்தான் உங்கள் வண்டி ஞாபகம் வந்தது. என் அப்பாவை நீங்கள் கொண்டுவந்தபோது அவர் அசையவே இல்லை.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

முதலில் தரையைப் பிரித்தோம். மேலே போட்டிருந்த தகரம் கையோடு வந்தது, அவ்வளவு துரு. அடியில் இருந்த பலகை மூன்றும் உளுத்துப்போய்விட்டன. பலகைச் சந்தில் காய்ந்த சாமந்தி, நமத்துக் கறுத்த பொரி, ஒரு ஜெபமாலையின் மணிகள் ஏழு, அப்புறம் சில்லறை. 25 பைசா, 50 பைசா, ஒரு சில ஒரு ரூபாய். 25 பைசாவெல்லாம் 2011-லேயே செல்லாமல் போய்விட்டது. எதையும் தூக்கிப் போட மனசு வரவில்லை. பொரியையும் பூவையும் ஆற்றில் விட்டோம். சில்லறையும் மணிகளும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

புதுத் தரைக்கு வேங்கைச் சட்டம் கட்டி, மேலே 304 ரக எவர்சில்வர் தகடு போட்டிருக்கிறோம். நம் சேலம் இரும்பாலைத் தகடுதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நாணயச் சாலைகளுக்குக் காசு அச்சடிக்கிற வெறும் வில்லை கொடுத்த ஆலை அது. தகட்டை நடுவில் மடித்து லேசாகப் பள்ளம் கொடுத்து, பின்பக்கம் வடிகால் துளை விட்டிருக்கிறோம். ஐஸ் தண்ணீர் தேங்காது, கழுவுவதும் சுலபம். பெட்டியை உள்ளே தள்ளுகிற உருளைகளில் ஆறு பழசே. லேத்தில் கடைந்து புது பேரிங் போட்டதும் பெட்டி ஒரு விரல் தள்ளலில் உள்ளே போகிறது. பெட்டி நகராமல் தடுக்கிற முளைகளுக்கு ரப்பர் மாட்டினோம். பாடையில் வருகிறவர்களுக்கு அந்த முளை உதவாது என்பதால் இரண்டு பக்கமும் அகலமான நாடாப் பட்டையும் வைத்திருக்கிறோம்.

"புது வண்டி வாங்கிப் பாடி கட்டிக்கொள்ளலாமே, இதற்குச் செலவு பண்ணுகிற காசில் பாதி வந்துவிடும்" என்று சொன்னவர்கள் உண்டு. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் நல்ல பாடி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் மட்டடோருக்கு இழுவை முன் சக்கரத்தில். அடியில் பின் சக்கரத்துக்குப் போகிற தண்டு, அதாவது புரொபெல்லர் ஷாஃப்ட், கிடையாது, அதனால் தரை தாழ்வு. தூக்குகிறவர்கள் இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். எழவு வீட்டில் முன்னால் நின்று தூக்குகிறவர்கள் பெரும்பாலும் அறுபது தாண்டிய பங்காளிகள். பிக்கப்பில் சித்தப்பாவை ஏற்றும்போது பெரியப்பாவின் கை நடுங்கியதைப் பார்த்தவன் நான். எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

பிரேக்கில்தான் அதிகப் பணம் போனது, போகட்டும். நாலு டிரம்மும் கடைந்து, லைனிங், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், பைப் எல்லாமே புதுசு. பிரேக் ஆயிலைத் திறந்து பார்த்தால் டிகாஷன் நிறம். அந்த ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், நம் மலைப் பனியில் கேட்கவே வேண்டாம். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 140-லேயே கொதிக்கலாம். இறக்கத்தில் அப்படிக் கொதித்தால் பெடல் தரையில் போய் உட்காரும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று டேஷ்போர்டிலேயே தேதி எழுதி ஒட்டிவிட்டோம். ஏறின கியரிலேயே இறங்கு என்று நீங்கள் சொல்வீர்களே, அதையும் கீழே எழுதியிருக்கிறோம்.

காகித வேலை பயந்த அளவு இல்லை. ஆர்.சி.யில் சவ ஊர்தி என்றே இருந்தது பெரிய வசதி. சவத்தையும் கூட வருகிறவர்களையும் மட்டும் ஏற்றுகிற வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று 1988 மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவிலேயே சொல்லியிருக்கிறது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வருஷா வருஷம் வண்டியைக் காட்ட வேண்டும், பழைய வண்டிக்குக் கட்டணமும் கூடுதல், பசுமை வரி வேறு. பழைய கார் பிரியர் ஒருவர், 50 வயது ஆகிறவரை அப்படியே வைத்திருந்து வின்டேஜ் நம்பர் வாங்குங்கள், மதிப்பு ஏறும் என்றார். 2021-இல் வந்த விதிப்படி அந்த நம்பர் வாங்கினால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், தினசரி வேலைக்கு ஓட்டக் கூடாது. நமக்கு அது எதற்கு? இந்த வண்டியை யாரும் வேடிக்கை பார்க்க வேண்டாம். கூப்பிட்டால் போக வேண்டும்.

பெயிண்டரோடுதான் இரண்டு நாள் மல்லுக்கட்டு. தங்கக் கலர் பூ, சீரியல் லைட், பக்கவாட்டில் எஸ் எழுத்து மாதிரி வளைந்த பித்தளைக் கம்பி எல்லாம் வைக்கலாம் என்றார். அமெரிக்க வண்டிப் படத்தில் பார்த்திருக்கிறார். அது குதிரை வண்டிக் காலத்தில் கூரையை மடக்க வைத்த கம்பி, இப்போது வெறும் அலங்காரம். வேண்டாம் என்று விட்டோம். வெள்ளை அடித்து, நீங்கள் வைத்திருந்த அதே கறுப்புப் பட்டை, அவ்வளவுதான். சிலுவையோ சூலமோ எதுவும் நிரந்தரமாக எழுதவில்லை. முன்னால் ஒரு கொக்கி இருக்கிறது, அவரவர் மாலையை மாட்டிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறோம். உள் கண்ணாடியைத் துடைக்கும்போது கவனித்தேன், அது பின்னால் வருகிற ரோட்டைக் காட்டவில்லை. கீழே சாய்ந்து வண்டிக்குள் பெட்டி வைக்கிற தரையைக் காட்டியது. துருப்பிடித்து அந்தக் கோணத்திலேயே இறுகிப்போயிருந்தது. எத்தனை வருஷம் அப்படி வைத்து ஓட்டினீர்கள் அண்ணா? ரோட்டுக்கு வெளிக் கண்ணாடி போதும் என்று இப்போது ஓட்டுகிற பையனும் அதை அப்படியே வைத்துக்கொண்டான்.

முதல் சவாரி நாகலூருக்கு. எஸ்டேட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, சேலத்தில் மகன் வீட்டில் இறந்துவிட்டார். காலைப் பனி, டீசல் இன்ஜினைக் கிளப்ப ஹீட்டர் பிளக் சூடாகிறவரை காத்திருந்து எடுத்தோம். நான் பின்னால் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். பதினாலாவது வளைவு தாண்டியதும் அவர் நெற்றியில் இருந்த ஒரு ரூபாயைப் பார்த்தேன். கோரிமேட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது.

இப்போது உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். மழை நாளில் ஏற்றத்தில் எடை முழுவதும் பின்னால் போய் முன் சக்கரம் சும்மா சுழல்கிறது. பையன் முன்னால் இரண்டு மணல் மூட்டை வைக்கிறான். நீங்கள் மூட்டை வைக்க மாட்டீர்கள், பங்காளிகளில் இரண்டு பேரை முன்னால் ஏற்றிக்கொள்வீர்கள் என்று தலைச்சோலைக்காரர்கள் சொல்கிறார்கள். எது சரி? நான் சொன்னால் பையன் கேட்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுகிறேன். கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறோம், போனை மகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து உங்கள் தம்பி