பெட்டியில் வந்த தண்ணீர் மெசின்

வெள்ளவத்தை

மச்சான்,

உன் பெட்டி ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது. சொக்கலேட் இரண்டு நாளில் முடிந்தது. அம்மாவுக்கு அனுப்பிய கம்பளிச் சட்டையை அவ பத்திரமாக அலுமாரியில் வைத்திருக்கிறா, கொழும்பு வெக்கையில் எப்போது போடுவாவோ தெரியாது. மிச்சப் புதினத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீ அனுப்பிய பிரஷர் வோஷர், அதுதான் தண்ணீரைப் பலமாகப் பீச்சியடித்துக் கழுவுகிற மெசின், அதன் கதையைக் கேள்.

"காஸ் மெசின்" என்று நீ எழுதியதைப் பார்த்து, சமையல் சிலிண்டரை எங்கே பூட்டுவது என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். பெற்றோல் தாங்கியின் மூடியைக் கண்ட பிறகுதான் கனடாக்காரனுக்குப் பெற்றோல்தான் காஸ் என்பது ஞாபகம் வந்தது. கரண்டில் ஓடுவதை அனுப்பாமல் விட்டாயே, அதற்கு நன்றி. உங்கள் 120 வோல்ட் மெசினை எங்கள் 230இல் செருகியிருந்தால் அன்றைக்கே புகைந்திருக்கும்.

உன் வீட்டு முற்றத்தை நீ பார்த்து எட்டு வருசம் இருக்குமா? மதில் அடி கறுத்து, சீமெந்துத் தரை முழுக்கப் பச்சைப் பாசி. மழை பெய்தால் கேற்றிலிருந்து படிக்கட்டுவரை சறுக்கிக்கொண்டே போகலாம். நீ வருவதற்குள் இதைச் சுத்தப்படுத்திவிட வேண்டும் என்றுதான் இறங்கினேன்.

முதல் தடங்கல் ஓஸ் பைப். உங்கள் ஊர் மரை (திரெட்) வேறு, எங்கள் பைப்பின் மரை வேறு. பழைய சோனகத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் ஒரு பித்தளை அடப்டர் கிடைத்தது. பூட்டி, என்ஜினுக்கு எஸ்ஏஈ 30 ஒயில் ஊற்றி (எங்கள் சூட்டுக்கு அதுதான் சரி), 92 ஒக்டேன் பெற்றோல் விட்டு இழுத்தால் ஸ்டார்ட் ஆனது. ஆனால் இரண்டு நிமிடத்தில் பம்ப் கடகடவென்று பல்லைக் கடிக்கத் தொடங்கிவிட்டது. நிற்பாட்டிவிட்டு, வாளியை வைத்துக் கணக்குப் பார்த்தேன். 10 லீற்றர் வாளி நிரம்ப 1 நிமிடம் 40 செக்கன், அதாவது நிமிடத்துக்கு 6 லீற்றர். மெசினோ நிமிடத்துக்கு 9 லீற்றருக்கு மேல் கேட்கிறது. வருவதைவிடக் கூடுதலாக இழுத்தால் பம்புக்குள் காற்றுத்தான் சுழலும். பிறகு மேல் தாங்கியிலிருந்து நேராக முக்கால் அங்குல பைப் இறக்கினேன். வாளி 40 செக்கனில் நிரம்பியது, பல்லுக் கடியும் நின்றது.

இப்போது எனக்கு ஒழுங்கு பிடிபட்டுவிட்டது. முதலில் தண்ணீரைத் திறந்து, கைபிடியில் இருக்கிற விசையை அழுத்திப் பிடித்து, காற்றுக் குமிழ் இல்லாமல் தாரை சீராக வரும்வரை விட வேண்டும். அப்புறம்தான் கயிற்றை இழுப்பது. விசையை அழுத்திக்கொண்டே இழுத்தால் கயிறு இலேசாக வரும், இல்லாவிட்டால் உள்ளே நிற்கும் அழுத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். இன்னொன்று: என்ஜினை ஓடவிட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகக் கூடாது. விசையை விட்டதும் அதே தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடாகி, கசிவைத் தடுக்கிற இரப்பர் 'சீல்' கெட்டுவிடும். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் நிற்பாட்டிவிடு.

தாரை வெளிவருகிற முனை, அதுதான் நொசில், அந்த விசயத்தில்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஐந்து நிறம் அனுப்பியிருந்தாய். சிவப்பென்றால் பலமானது, பாசிக்கு அதுதான் சரி என்று நினைத்துப் பூட்டினேன். அது விரியாமல் ஊசி போல ஒரே புள்ளியில் அடிப்பது. கார் ரயருக்கு 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று அடிக்கிறோம், இது 2800. கையை ஒருமுறை வீசியதும் உன் அப்பா பூசிய சீமெந்தில் குறுக்காக நேர்கோடு ஒன்று விழுந்துவிட்டது. விரல் நகம் பதிகிற ஆழம். பிறகு பச்சை நொசிலுக்கு மாறினேன், 25 பாகை விசிறி. ஒரு முழம் தள்ளி நின்று தொடங்கி, பாசி அசையும்வரை மெல்லக் கிட்டப் போனால் போதும். மதிலுக்கு வெள்ளை, 40 பாகை. அதிலும் மேல் மூலையில் பெயின்ற் உரிந்தது, நீ பார்க்கத்தான் போகிறாய். சவர்க்காரத்துக்குக் கறுப்பு. அதைக் கீழிருந்து மேலே பூச வேண்டும், கழுவுவது மேலிருந்து கீழே. இல்லாவிட்டால் மதிலில் கோடு கோடாக வழிந்து காயும்.

நடுவில் மழை பிடித்துக்கொண்டது. உதவிக்கு வந்த கீழ்வீட்டுப் பெடியன் மெசினைக் கராஜுக்குள் தள்ளிவிட்டான், ஷட்டர் பாதி திறந்துதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை இடிக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோமே, என்ஜின் புகையில் வருகிற நச்சு வாயு காபனோரொட்சைட்டு, நிறமும் இல்லை, மணமும் இல்லை என்று! வகுப்பில் நீ நித்திரை கொண்ட பாடம். உடனே நிற்பாட்டி, அவனையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஷட்டர் பாதி திறந்திருந்தால் போதாதாம், முழுக்கத் திறந்தாலும் போதாது. வெட்டவெளியில், கதவு ஜன்னலுக்கு இருபது அடியாவது தள்ளி வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

அந்தப் பெடியன் என்னை இன்னொரு முறையும் பதற வைத்தான். வேலை முடிகிற நேரம் இரப்பர்ச் செருப்போடு வந்து, "அங்கிள், காலுக்கும் கொஞ்சம் அடியுங்கோ" என்று சேற்றுக் காலை நீட்டுகிறான். ஓஸ் பைப்பில் கால் கழுவிப் பழகிய ஊர்தானே! கத்தியே விட்டேன். இந்தத் தாரை தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை நாசம். சின்னக் காயம் என்று பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு இருக்க முடியாது, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வெட்டித்தான் சுத்தம் செய்வார்கள். அடுத்த நாள் அவனுக்குக் கம்பூட்ஸும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் விசையைத் தொட விட்டேன்.

பின் பத்தியின் கூரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது, கோபிக்காதே. அது அஸ்பெஸ்டஸ் தகடு. அதில் இந்தத் தண்ணீரை அடித்தால் நார் கிளம்பி அக்கம்பக்கத்தார் நெஞ்சுக்குள்தான் போகும். ஏணியில் நின்று அடித்தால் உதைப்பில் நானும் கீழே போவேன்.

மெசினை இப்போது பெற்றோல் வற்றும்வரை ஓடவிட்டு எடுத்து வைத்திருக்கிறேன். கானில் மிச்சமிருந்த பெற்றோலைக் காருக்குள் ஊற்றிவிட்டேன். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் காய்ந்ததை நினைத்தால் ஒரு சொட்டையும் வீணாக்க மனம் வருகிறதில்லை.

வரும்போது ஓஸ் மூட்டுக்குப் போடுகிற ஓ-ரிங் (இரப்பர் வளையம்) நாலைந்து கொண்டு வா, ஒன்று கசிகிறது. சீமெந்தில் விழுந்த கோட்டைப் பூசி மறைக்கத்தான் நினைத்தேன். அளந்து பார்த்தால் நாங்கள் முன்பு கரியால் கீறும் கிரிக்கெட் கிரீஸ் கோட்டுக்கு ஒரு சாண்தான் வித்தியாசம். அப்படியே விட்டிருக்கிறேன்.

உன் பழைய விக்கெட் கீப்பர்