குரல் போன வக்கீல்

ஆசிரியருக்கு,

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் வக்கீலாக இருந்த எங்கள் சார் போன மாதம் தவறிவிட்டார், மோட்டார் நியூரான் நோய். தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் சாகச் சாக கை, நாக்கு, கடைசியில் மூச்சு என்று எல்லாம் போய்விடும், ஆனால் பலருக்குப் புத்தி மட்டும் தெளிவாகவே இருக்கும், அதுதான் கொடுமை. எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் காலத்து மலையாள ஆதாரங்களை, அதாவது சொத்துப் பத்திரங்களை, கடகடவென்று வாசித்து, விளை (தோப்பு நிலம்) யாருக்குச் சேரும் என்று தமிழில் சொல்லிவிடுவார். ஃபீஸ் எவ்வளவு என்றால் ‘சக்கை (பலா) பழுக்கட்டும், கொண்டு வாரும்’ என்பார். குரல் போன பிறகும் விடவில்லை. எழுத்து அட்டையில் அவர் கண்ணால் காட்ட, மகள் எழுதிக்கொடுக்க, ஜூனியர் கோர்ட்டில் பேசுவார். சரி, தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்களே, இப்படிப்பட்டவர்களுக்கு மூச்சுக் கருவியும் இரவல் தந்தால் என்ன?

அவரிடம் வழக்குக் கொடுத்த ஒரு கட்சிக்காரர், தக்கலை