முடி கொட்டினால் மாத்திரைச் சீட்டையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் முடி உதிர்வு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஷாம்பு, கவலை, இரும்புச்சத்து எல்லாம் இருந்தது. மருந்து மாத்திரை பற்றி ஒரு வரி இல்லை.

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் முடி கொட்டுவதற்கு ஊர்த் தண்ணீரைத் திட்டுவார்கள், இல்லையென்றால் பனியை. ஒரு பெண் நீலகிரித் தைலத்தையே தலையில் தேய்த்துக்கொண்டு எரிச்சலோடு வந்தாள்!

எனக்கு வலிப்புக்காக சோடியம் வால்ப்ரோயேட் எழுதிக் கொடுத்தார்கள். முடி கொட்டலாம் என்று யாரும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து வகிடு அகலமாகி மண்டை தெரிந்தது. "மாத்திரையை நிறுத்திப் பாருங்க அக்கா" என்றார்கள் சிலர். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு மறுபடி வரும். நான் உட்காருவதோ மெஷின் முன்னால். டாக்டரிடமே கேட்டேன். அளவைக் குறைத்தார். உதிர்வது நின்றது. ஆனால் நெற்றியில் புதிதாக முளைத்தது சுருட்டை முடி! அதுவும் இந்த மருந்தால் வருவதுதானாம்.

சிக்கல் என்னவென்றால், பல மருந்துகள் முடியை அன்றைக்கே உதிர்ப்பதில்லை. வளரும் முடியை ஓய்வுக்குத் தள்ளிவிடும். அது இரண்டு மூன்று மாதம் தலையிலேயே நின்று, அப்புறம்தான் கொத்தாக விழும். அதற்குள் மாத்திரை யாருக்கு நினைவிருக்கும்? ரத்த அழுத்தத்துக்குத் தரும் மெட்டோப்ரோலால், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் போன்றவற்றாலும் சிலருக்கு இப்படி ஆகும். புற்றுநோய்க்கான கீமோ வேறு கதை. அது வேரையே தாக்குவதால் சில வாரங்களிலேயே கொட்டிவிடும்.

தலைகீழாகவும் நடக்கும். கண் அழுத்தத்துக்காக என் அம்மா இடது கண்ணில் மட்டும் பைமாட்டோப்ராஸ்ட் சொட்டு மருந்து விடுகிறார். அந்தக் கண்ணில் மட்டும் இமைமுடி நீண்டு கறுத்துவிட்டது. ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டீர்களா என்று கல்யாண வீட்டில் கேட்டார்கள். தலையில் தடவும் மினாக்சிடிலே முதலில் ரத்த அழுத்த மாத்திரைதான். சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்கு வந்தது.

அடுத்த முறை முடி பற்றி எழுதும்போது, "மூன்று மாதத்துக்கு முன் புது மாத்திரை ஏதாவது தொடங்கினீர்களா, டாக்டரிடம் சொன்னீர்களா?" என்று ஒரு கேள்வியைச் சேருங்கள். தாமாக நிறுத்த வேண்டாம் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

ஒரு வாசகி,
கோத்தகிரி